ஆறுமுகம் ஆரோன் ஆன கதை

போன எபிசோடுல தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் வந்த கதையைப் பார்த்தோம். இந்த வாரமும் அதே ஊர்தான். ஆனா இன்னைக்கு ஹீரோ இயந்திரம் இல்லை, ஒரு மனுஷன். கடலூர்க்காரர்.

அவருடைய பிறந்த பெயர் ஆறுமுகம். வேளாளர் குடும்பம், சைவ வீடு. அப்பா வியாபாரி. கடலூர் அப்போ ஆங்கிலேயர் கையில இருந்தது. 1717-ல் தரங்கம்பாடி மிஷன் அங்கே ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. அடுத்த வருஷமே, 1718-ல், தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் கையால ஞானஸ்நானம் வாங்கினார் ஆறுமுகம். அப்போ அவருக்கு சுமார் இருபது வயசு. புதுப் பெயர், ஆரோன்.

பைபிள் தெரிஞ்சவங்களுக்கு இந்தப் பெயர் உடனே கிளிக் ஆகும். ஆரோன் மோசேயுடைய அண்ணன், இஸ்ரவேல் மக்களின் முதல் பிரதான ஆசாரியர். பெயர் அன்னைக்கே வந்துடுச்சு. வேலை வர 15 வருஷம் ஆச்சு.

அந்த 15 வருஷமும் ஆரோன் என்ன பண்ணினார்? வாத்தியார் வேலை பார்த்தார், அப்புறம் உபதேசியார் ஆனார். இந்த உபதேசியார்ங்கிற பதவியைப் புரிஞ்சுக்கிட்டாதான் மீதிக் கதை புரியும். உபதேசியார் ஊர் ஊராகப் போவார், பேசுவார், பாடம் சொல்லித் தருவார், ஜெபம் நடத்துவார். ஆனால் ஞானஸ்நானம் கொடுக்கவும் திருவிருந்து பரிமாறவும் குருப்பட்டம் பெற்ற போதகரால்தான் முடியும். நம்ம பாஷையில சொன்னா, களத்துல எல்லா வேலையும் இவர்தான் செய்வார், ஆனா அட்மின் ஆக்சஸ் ஐரோப்பியர் கையில.

இதுல ஒரு பெரிய சிக்கல் இருந்தது. தரங்கம்பாடி 1620-லிருந்து டேனிஷ் கம்பெனி கையில் இருந்த ஒரு சின்ன நிலத் துண்டு. அதைத் தாண்டினால் தஞ்சை மராட்டிய அரசு. அங்கே ஐரோப்பிய மிஷனரி நினைச்சபடி போய் வர முடியாது. ஆனால் தமிழ் உபதேசியார்கள் போகலாம். அதனால தஞ்சைச் சீமை கிராமங்கள்ல புதுசா கிறிஸ்தவக் குடும்பங்கள் உருவாகிக்கிட்டே இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்கத்தான் பக்கத்தில் ஆளில்லை. திருவிருந்துக்காக மக்கள் தரங்கம்பாடி வரைக்கும் நடந்து வரணும்.

அதற்கு ஒரே தீர்வு, ஒரு தமிழரைப் போதகர் ஆக்குவதுதான். 1733 டிசம்பர் 28-ம் தேதி, தரங்கம்பாடியில் ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தாங்க. இந்திய மண்ணிலிருந்து வந்த முதல் புராட்டஸ்டன்ட் போதகர் அவர். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த சீகன்பால்க் இதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1719-லேயே இறந்துவிட்டார்.

அதுக்கப்புறம் ஆரோன் 1745-ல் இறக்கும்வரை, சுமார் 12 வருஷம், கிராமம் கிராமமாகப் போனார். ஜெர்மனியின் ஹாலே நகரத்துல வெளிவந்த மிஷன் அறிக்கைகள் மூலமா அவரைப் பற்றி ஐரோப்பாவிலும் வாசிச்சாங்க.

இங்கேயே முடிச்சா இது நல்ல சாதனைக் கதை. ஆனா நான் படிச்சுக்கிட்டு இருந்தப்ப இன்னொரு பெயரைத் தாண்டிப் போக முடியலை. ராஜநாயக்கன்.

ராஜநாயக்கன் தஞ்சை ராஜா படையில் சேர்வைக்காரர். கத்தோலிக்கக் குடும்பம். சீகன்பால்க் மொழிபெயர்த்து தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் அவர் கைக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. அதைப் படிச்சுட்டுத்தான் தரங்கம்பாடி மிஷனைத் தேடி வந்தார். படையை விட்டு உபதேசியார் ஆனார். தஞ்சைப் பக்கம் அந்த மிஷன் வேர் பிடிச்சதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1741-ல் இரண்டாவது தமிழ்ப் போதகரைத் தேர்ந்தெடுக்கிற நேரம் வந்தது. ராஜநாயக்கன் பெயரும் பேச்சில் வந்தது. கிடைச்சது தியோகு என்பவருக்கு. காரணம் என்னன்னு மிஷனரிகளே எழுதி வச்சிருக்காங்க. ராஜநாயக்கன் பறையர். அவர் கையால் திருவிருந்து கொடுத்தால், மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்குத் திருவிருந்து மேலேயே மதிப்பு குறைஞ்சிடும்னு பயந்தாங்க.

ஒரே அப்பத்தை எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுறதுதான் திருவிருந்து. அதைக் கொடுக்கிற கை எந்தச் சாதின்னு கணக்குப் பார்த்தாங்க. அவருடைய அறிவையோ உழைப்பையோ யாரும் குறை சொல்லலை. 'மத்தவங்க ஏத்துக்குவாங்களா?'ங்கிற ஒரு கேள்விதான் முடிவு பண்ணுச்சு. இந்தக் கேள்வியைக் கேட்கிறவங்க பெரும்பாலும் தங்களைச் சாதி பார்க்கிறவங்கன்னு நினைச்சுக்க மாட்டாங்க, நடைமுறை பார்க்கிறோம்னுதான் சொல்லுவாங்க. நம்ம இன்டர்வியூ அறைகள் வரைக்கும் அந்தக் கேள்வி இன்னும் வந்துக்கிட்டுதானே இருக்கு?

இதுல ஆரோனைக் குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஐரோப்பியர் மட்டுமே நின்ன இடத்தில் ஒரு தமிழர் நின்னது பெரிய விஷயம்தான். ஆனா அந்தக் கதவு திறந்தப்ப, எவ்வளவு திறந்ததுன்னும் நாம பார்க்கணும்.

ராஜநாயக்கன் வேலையை விட்டுப் போகலை. நாற்பது வருஷத்துக்கு மேல ஊழியம் செஞ்சு, 1771-ல் இறந்தார். கடைசிவரைக்கும் உபதேசியாராகவே.

தரங்கம்பாடி போனீங்கன்னா டேனிஷ் கோட்டையோட திரும்பிடாதீங்க. ராஜா வீதியில் 1718-ல் கட்டி முடிச்ச புதிய எருசலேம் ஆலயம் இன்னும் நிக்குது. உள்ளே போனா இந்த ரெண்டு பேரையும் நினைச்சுக்கோங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!