முதல் வரியில் ஒரு சொல்லுக்கு மட்டும் இடம்: ஈமேக்ஸ் லிஸ்ப் நிரல் ஷெல் ஸ்கிரிப்டான வரலாறு

ஈமேக்ஸ் எடிட்டருக்காக எழுதப்படும் லிஸ்ப் நிரலை, எடிட்டரின் திரையைத் திறக்காமல், மற்றக் கட்டளைகளைப் போலவே ஷெல்லிலிருந்து பெயர் சொல்லி ஓட்ட முடியும். இன்று இது சாதாரண வசதி. ஆனால் இந்த இடத்துக்கு வந்துசேர ஈமேக்ஸுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. லிஸ்ப் மொழிக்குத் திறன் போதவில்லை என்பது காரணமன்று. 1980-ல் யூனிக்ஸ் கெர்னலில் எடுக்கப்பட்ட ஒரு சிறு முடிவும், தன்னை மனிதர் எதிரே அமர்ந்து பயன்படுத்தும் கருவியாகவே கருதிவந்த எடிட்டரின் இயல்பும் ஒன்றோடொன்று மோதியதே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1976-ல் உருவாக்கிய முதல் ஈமேக்ஸ், டெக்கோ எனும் எடிட்டருக்கான மேக்ரோக்களின் தொகுப்பு. அதை லிஸ்ப் மொழிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பெர்னார்ட் கிரீன்பர்க். 1978-ல் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக அவர் மேக்லிஸ்பில் எழுதிய ஈமேக்ஸ், எடிட்டரின் விரிவாக்க மொழி முழுமையான நிரல்மொழியாக இருந்தால் எவ்வளவு செய்யலாம் என்பதைக் காட்டியது. 1981-ல் ஜேம்ஸ் காஸ்லிங் யூனிக்ஸுக்காக எழுதிய ஈமேக்ஸில் இருந்த மாக்லிஸ்ப், பார்வைக்கு லிஸ்ப் போல இருந்தாலும் லிஸ்பின் தரவு அமைப்புகள் இல்லாதது. 1985-ல் பொதுவெளிக்கு வந்த குனு ஈமேக்ஸ் அந்தக் குறையை நீக்கியது. சி மொழியில் எழுதிய சிறிய கருவும், அதன்மேல் லிஸ்பில் எழுதிய எடிட்டரும் என்பது அதன் அமைப்பு. எனவே ஈமேக்ஸை ஒரு லிஸ்ப் இன்டர்பிரெட்டர் என்று சொல்வது மிகையன்று.

அதைத் திரையில்லாமல் ஓட்டும் தேவை முதலில் ஈமேக்ஸின் சொந்த வீட்டிலேயே எழுந்தது. எடிட்டரைக் கட்டும்போது கருவை மட்டும் ஓட்டி, லிஸ்ப் கோப்புகளை அதில் ஏற்றி, பிறகு அவற்றை பைட்-கம்பைல் செய்ய வேண்டும். இந்த வேலைக்கு ஆள் தேவையில்லை. '--பேட்ச்' எனும் ஆப்ஷன் இதற்கே பயன்பட்டது. '--லோட்' என்ற ஆப்ஷனோடு சேர்த்தால் எந்த லிஸ்ப் கோப்பையும் இவ்வாறு ஓட்டலாம். மேக்ஃபைலுக்கு இது போதும். தனித்து ஓடும் ஸ்கிரிப்டுக்குப் போதாது.

ஏன் போதாது என்பதற்கு கெர்னலைப் பார்க்க வேண்டும். யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு (1979) வரை, ஸ்கிரிப்ட் கோப்பை அடையாளம் கண்டு ஓட்டியது ஷெல்தான், கெர்னல் அன்று. டென்னிஸ் ரிட்சி 1980 ஜனவரியில் இதை மாற்றினார். கோப்பின் முதல் இரண்டு எழுத்துகள் '#!' என்று இருந்தால், அவ்வரியில் குறிப்பிட்ட நிரலைக் கெர்னலே அழைத்து, கோப்பின் பெயரை அதனிடம் ஒப்படைக்கும். பி.எஸ்.டி. வழியாக இவ்வழக்கம் பரவியது. அங்கே தொடக்கத்தில் அந்த வரிக்குக் கிடைத்த இடம் 32 பைட் மட்டுமே. லினக்ஸில் 127 எழுத்தாக இருந்த வரம்பு 2019-ல் வந்த 5.1 பதிப்பில்தான் 255 ஆனது. நீளத்தைவிடக் கடுமையான வரம்பு இன்னொன்று உண்டு. நிரலின் பெயருக்குப் பின் எத்தனை சொற்கள் எழுதினாலும் லினக்ஸ் அவற்றை ஒரே ஆர்க்யுமென்டாகவே ஒட்டித் தரும். 'ஈமேக்ஸ் --பேட்ச் --லோட்' என்று முதல் வரியில் எழுதினால், '--பேட்ச் --லோட்' என்ற, இடைவெளியோடு கூடிய ஒற்றை ஆப்ஷன்தான் ஈமேக்ஸுக்குப் போய்ச் சேரும். அப்படி ஓர் ஆப்ஷனே கிடையாது.

பயனர்கள் கண்ட மாற்றுவழி வியக்கத்தக்கது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஈமேக்ஸை அழைக்காமல் சாதாரண ஷெல்லை அழைத்தார்கள். இரண்டாம் வரியை ':' என்ற குறியை மேற்கோளுக்குள் இட்டுத் தொடங்கி, அதற்கடுத்து ஓர் அரைப்புள்ளி வைத்து, பிறகு ஈமேக்ஸை 'எக்ஸெக்' செய்யும் கட்டளையை எழுதினார்கள். ஷெல் இவ்வரியைப் படிக்கும்போது, ':' என்பது எதையும் செய்யாத உள்ளமை கட்டளை. அரைப்புள்ளி அதை முடித்துவைக்கிறது. அடுத்து வரும் எக்ஸெக், ஷெல்லின் இடத்திலேயே ஈமேக்ஸை அமர்த்திவிடுகிறது. ஷெல் ஸ்கிரிப்டை வரிவரியாகவே படிப்பதால், கீழே கிடக்கும் லிஸ்ப் அடைப்புக்குறிகள் அதன் கண்ணில் படுவதே இல்லை. அதே கோப்பை இப்போது ஈமேக்ஸ் படிக்கிறது. '#!' வரியை லிஸ்ப் ரீடர் தாண்டிவிடும். இரண்டாம் வரியில் மேற்கோளுக்குள் உள்ள ':' வெறும் சரம், மதிப்பிட்டதும் வீசப்படும். அரைப்புள்ளியோ லிஸ்பில் குறிப்புரையின் தொடக்கம். ஷெல்லுக்கான கட்டளை முழுவதும் அதற்குள் மறைந்துபோகிறது. இரு மொழிகளிலும் அரைப்புள்ளிக்கு வெவ்வேறு வேலை இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. வெறும் தந்திரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எத்தனை ஆப்ஷன் வேண்டுமானாலும் தரும் சுதந்திரத்தைக் கெர்னலைத் தொடாமலே பெற்றுத் தந்த வடிவமைப்பு இது.

2007-ல் வெளிவந்த ஈமேக்ஸ் 22 அதிகாரபூர்வமான விடையைக் கொடுத்தது: '--ஸ்கிரிப்ட்'. பேட்ச், லோட் ஆகிய இரண்டும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கின. கெர்னல் தந்தது ஒரு சொல்லுக்கான இடம். எடிட்டர் தன் இரு ஆப்ஷன்களை அந்த இடத்துக்கு ஏற்பச் சுருக்கிக்கொண்டது.

ஆயினும் எடிட்டரின் பழைய இயல்பு போகவில்லை. ஸ்கிரிப்டை ஏற்றி முடித்ததும், கட்டளை வரியில் மிஞ்சியிருக்கும் சொற்களைத் திறக்க வேண்டிய கோப்புகளாக ஈமேக்ஸ் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆர்க்யுமென்டுகளை ஸ்கிரிப்டே எடுத்து முடிக்க வேண்டும், அல்லது கடைசியில் 'கில்-ஈமேக்ஸ்' அழைத்து வெளியேற வேண்டும். இதைவிடத் தொல்லை, ஈமேக்ஸ் தொடங்கும்போதே கட்டளை வரியைத் தன் முன்னுரிமைப்படி அடுக்கிவிடுவது. நம் ஸ்கிரிப்டிடம் '--வெர்ஷன்' என்று கேட்டால் ஈமேக்ஸின் பதிப்பு எண் பதிலாக வரும். '--' என்ற குறியை இடையில் வைத்தால் அடுக்குதல் அங்கே நின்றுவிடும். ஆனால் அதை இடுவதற்கும் முதல் வரியில் இடமில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாம் வரித் தந்திரம் '--ஸ்கிரிப்ட்' வந்த பின்பும் மதிப்பிழக்கவில்லை என்று கருதுகிறேன்.

இன்னொரு குறையும் இருந்தது. பேட்ச் முறை பயனரின் தொடக்கக் கோப்பைத் தவிர்க்கும். கணினி முழுமைக்குமான 'சைட்-ஸ்டார்ட்' கோப்பைத் தவிர்க்காது. ஒரே ஸ்கிரிப்ட் இரு கணினிகளில் இருவிதமாக நடந்துகொள்ள இது வழிவிட்டது. அதைத் தடுக்கும் '--குவிக்' ஆப்ஷனைச் சேர்க்கப் போனால் மீண்டும் அதே ஒற்றைச் சொல் வரம்பு குறுக்கே நின்றது. ஃப்ரீபி.எஸ்.டி.யில் முன்பே இருந்த, சொற்களைப் பிரித்துத் தரும் 'என்வ்' கட்டளையின் வசதி 2018-ல் குனு கோர்யூட்டில்ஸின் 8.30 பதிப்புக்கு வந்தபோது லினக்ஸ் பயனர்களுக்குப் பொதுவழி ஒன்று திறந்தது. ஈமேக்ஸ் தன் பங்குக்கு 2023-ல், 29-ஆம் பதிப்பில், '-எக்ஸ்' எனும் ஆப்ஷனைத் தந்தது. இது '--ஸ்கிரிப்ட்', '--குவிக்' இரண்டையும் ஒன்றாக்கியது. மேலும், ஸ்கிரிப்டின் கடைசிக் கோவையின் மதிப்பு எண்ணாக இருந்தால் அதையே வெளியேற்றக் குறியீடாக ஷெல்லிடம் கொடுத்தது. வெற்றியா தோல்வியா என்பதை அழைத்தவரிடம் சொல்லும் கடமையை எடிட்டர் ஏற்றுக்கொண்ட இந்த மாற்றத்தை, சொற்சுருக்கத்தைவிட முக்கியமானதாக மதிப்பிடுகிறேன்.

வெளியீட்டில் சிக்கல் அதிகமில்லை: 'பிரின்ஸ்' தருவது நிலையான வெளியீட்டுக்கும் 'மெசேஜ்' தருவது பிழை வெளியீட்டுக்கும் போகும். உள்ளீடுதான் இன்னும் முழுமை பெறவில்லை. பேட்ச் முறையில் 'ரீட்-ஸ்ட்ரிங்' நிலையான உள்ளீட்டிலிருந்து ஒவ்வொரு வரியாக வாங்கும். உள்ளீடு தீர்ந்ததும் பிழை எழுப்பும். ஸ்கிரிப்ட் எழுதுபவர் அந்தப் பிழையைப் பிடித்து முடிவு என்று புரிந்துகொள்ள வேண்டும். லினக்ஸில் பலர் இதைத் தவிர்த்து, உள்ளீட்டைக் குறிக்கும் சாதனக் கோப்பை முழுவதுமாக ஒரு பஃபருக்குள் ஏற்றிவிடுகிறார்கள். அப்போது ஆக், செட் போன்ற கருவிகளின் வரிவரியான நடைக்குப் பதிலாக, முழு உரையிலும் முன்னும் பின்னும் நகர்ந்து தேடவும் மாற்றவும் முடிகிறது. வரி எல்லைகளைத் தாண்டி நீளும் உரைகளைத் திருத்த வேண்டியிருக்கும்போது, ஷெல் ஸ்கிரிப்டுக்கு ஈமேக்ஸ் லிஸ்பைத் தேர்ந்தெடுக்க இதுவே வலுவான காரணம்.