உப்பளக் கரையில் இளையோர் வழிகாட்டல்

படிப்பு, வேலை, காதல், திருமணம், வீட்டுச் சிக்கல் என எதிலும் முடிவெடுக்கத் திணறும் வளரிளம் பருவத்தினருக்குத் துணைநிற்கும் பணியே இளையோர் வழிகாட்டல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம். எந்தப் படிப்புக்கு எங்கே இடம் கிடைக்கும், உதவித்தொகை என்ன என்று விவரம் சொல்வது வழிகாட்டல். மனத்தை அழுத்துவதைப் பேசவைத்து, முடிவை இளையோரே எடுக்க உதவுவது உளவியல் ஆலோசனை. விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் போன்ற உப்பள ஊர்களில் இரண்டையும் தனித்தனியே செய்ய முடியாது. மேல்படிப்பா, வேலையா என்ற கேள்விக்குள்ளேயே வீட்டு வருமானமும் அடங்கியிருக்கிறது.

பருவமும் வருமானமும்

பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மரக்காணத்தின் உப்புப் பாத்திகள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரிந்துள்ளன. ஆண்டுத் தொடக்கத்தில் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி உப்புநீர் பாய்ச்சுவார்கள். விளைந்த உப்பை மரப்பலகையால் வாரி வரப்பில் குவிக்க, பெண்கள் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் விளைச்சல் உச்சத்தில் இருக்கும். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கியதும் கூலி நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்குகிறது.

பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதம் உப்பளத்தில் கூலிக்கு ஆள் தேவைப்படும் மாதம். அரையாண்டுத் தேர்வு நடக்கும் டிசம்பரிலோ வீட்டில் கையிருப்பு கரைந்திருக்கும். ஒரு மாணவர் படிப்பை விடலாமா என்று யோசிக்கும் வேளைகள் இவை.

வருமானத்தோடு குடிப்பழக்கமும் படிப்பைப் பாதிக்கிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீட்டுக்குள் இருக்கும் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பிள்ளைகள் வெளியே பேசத் தயங்குவார்கள். படிப்பில் நாட்டமில்லை என்று பள்ளியில் எழுதப்படும் குறைக்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கக்கூடும்.

செவிகொடுக்கும் மரபு

தொழில் வழிகாட்டலை ஒரு முறையான சேவையாக்கியவர் பிராங்க் பார்சன்ஸ். 1908இல் அமெரிக்காவின் பாஸ்டனில் அவர் அதற்கென ஓர் அலுவலகம் தொடங்கினார். மனவேதனையில் இருப்போரின் பேச்சைக் கேட்க, 1953இல் லண்டனில் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார் பாதிரியார் சாட் வாரா. தற்கொலை செய்துகொண்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் இறுதிச் சடங்கை நடத்திய அனுபவம் அவரை இந்தப் பணிக்குத் தள்ளியது. அதே வழியில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவினார். அதன் தன்னார்வலர்கள் புத்திமதி சொல்வதில்லை, குறுக்கிடாமல் கேட்கிறார்கள்.

அரசு இதில் தொலைபேசி வழியாக இறங்கியது. 104 மருத்துவ உதவி எண் 2013இல் வந்தது. 2021இல் மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வு எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை அரசுத் தரப்பிலிருந்தே அழைத்துப் பேச ஏற்பாடு செய்யப்பட்டது. கல்வி வழிகாட்டலுக்கு 2018 முதல் 14417. மனநலத்துக்கு 2022 அக்டோபர் முதல் 14416.

பேச்சோடு ஒரு வழி

ஆறுதல் மட்டும் போதாத இடங்கள் உண்டு. கணக்கில் தவறிய மாணவி, இனி உப்பளம்தான் என்று முடிவுகட்டி வந்து நிற்கிறாள். ஆலோசகர் அவளை முழுவதும் பேசவிட வேண்டும். சாப்பிட்டாளா, தூங்கினாளா, உயிரை விடும் எண்ணம் வந்ததா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் அந்த எண்ணம் தூண்டப்படும் என்பது தவறான அச்சம். பிறகு, சில வாரங்களில் வரும் துணைத்தேர்வுக்கு அவளை அங்கேயே விண்ணப்பிக்க வைக்கலாம்.

6 முதல் 12ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மாணவர்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. மகள் கூலிக்கு வந்தால்தான் அடுப்பெரியும் என்று நினைக்கும் பெற்றோரிடம் எடுத்துச் சொல்ல இந்தத் தொகை உதவும். 

ரகசியம் காப்பது இப்பணியின் அடிப்படை. அதற்கும் எல்லை உண்டு. 18 வயது நிரம்பாதவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். ஆகவே எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஆலோசகர் வாக்குக் கொடுக்கலாகாது. குழந்தைத் திருமண ஏற்பாடு தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லலாம்.

குறையும் தீர்வும்

தொலைபேசியில் பேசும் ஆலோசகருக்கு, அழைப்பவரின் வீட்டு நிலை தெரியாது. மறுநாள் வந்து பார்க்கவும் முடியாது. ஊரிலேயே நேரில் கேட்க ஆள் வைப்பது இதற்கு ஒரு வழி. 2006இல் ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபண்டா, பாட்டிமார்களுக்குப் பயிற்சி அளித்து மருத்துவமனை வளாக பெஞ்சுகளில் அமர்த்தினார். அவர்களிடம் பேசியவர்களின் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. மரக்காணம் பகுதியிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் கேட்கும் பயிற்சி கொடுத்து, மழை மாதங்களில் வீடுகளுக்கு அனுப்புவதே இந்தக் கரைக்குப் பொருந்தும் முறை. அதுவரை 104, 14416, 1098 ஆகிய மூன்று எண்களும் இரவு பகலாக, கட்டணமின்றி இயங்குகின்றன. தெரிந்த பிள்ளைகளிடம் அவற்றைச் சொல்லிவையுங்கள்.