ஏரிப்பட்டியும் இலவச மின்சாரமும்

உத்திரமேரூர் என்றவுடன் குடவோலைத் தேர்தலை மட்டுமே நினைப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஆயினும் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பெற்று, இன்று வைகுண்டப் பெருமாள் கோயிலில் நிற்கும் அச்சாசனங்களைப் பொறுமையாகப் படிப்பவர், ஏரி வாரியத்துக்கென அறுவரைத் தேர்ந்ததோடு நில்லாமல், கணக்குக் காட்டாதவரையும் அவருடைய சுற்றத்தாரையும் பின்னர் எந்த வாரியத்துக்கும் வரவொட்டாமல் விலக்கிய அந்த ஊர்ச் சபையின் கண்டிப்பைக் கண்டு வியக்காமலிரார். அதற்கும் முன்னே, பல்லவ தந்திவர்மன் காலத்திலேயே, ஊரின் ஏரியான வயிரமேக தடாகத்தைத் தூர்வாரப் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியைச் செலவிடும் தர்மம் இருந்தது.

ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். பிற்காலத்தில் மானியம் எனப்பட்டதும் இவ்வகையே: நீர்க்கட்டி எனப்பட்ட ஊர் நீர்க்காவலன் வரியின்றி நிலத்தை அனுபவித்தான், கைம்மாறாக மடையைத் திறந்தான், அடைத்தான், இரவில் கரையைக் காத்தான். சலுகையும் கடமையும் அங்கே ஒரே முடிச்சாக இருந்தன. ஊரார் தாமே கூடி ஏரி, கால்வாய்களைப் பராமரிக்கும் குடிமராமத்தை 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்க ஆங்கில சர்க்கார் முயன்றது, அந்த முடிச்சு அதற்குள் தளர்ந்துவிட்டதற்கே சாட்சி.

நம் காலத்து மானியமோ வேறு விதம். விவசாய சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் 1970-களில் மின்கட்டணத்தை எதிர்த்துப் போராடிய விவசாயிகளின் துயரம் பொய்யன்று. அதை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானபோது, அந்த மானியத்தோடு எந்தக் கடமையும் பிணைக்கப்படவில்லை. எவ்வளவு நேரம் மோட்டார் ஓடினாலும் செலவு ஒன்றே என்றான பின், ஜலத்தைச் சிக்கனம் செய்ய என்ன காரணம் இருக்கிறது? நெல்லும் கரும்பும் பெருகின. கிணறு உள்ளவனுக்கு ஏரியைப் பற்றிய கவலை குறைந்தது. வரத்துக்கால்வாய் தூர்ந்தாலும் கேட்பாரில்லை. ஏரி நிரம்பினால்தான் ஆயக்கட்டுக் கிணறுகளும் ஊறும் என்பது உத்திரமேரூர் வட்டாரத்தில் குழந்தையும் அறிந்த விஷயம். இருந்தும் கரண்டுக்கு அரசு கொடுத்த பணத்தில் கரைக்கென்று ஒரு பங்கு வைக்க எவருக்கும் தோன்றவில்லை.

நஷ்டம் மின்வாரியத்துக்கு மட்டுமன்று. ஆழ்துளைக் கிணறு போட வசதியுள்ளவன் நீர்மட்டத்தைத் துரத்திக்கொண்டு கீழே போகிறான். பக்கத்து நிலத்தானின் பழைய திறந்த கிணறு வற்றுகிறது. கிணறே இல்லாமல் ஏரிப் பாய்ச்சலை நம்பியவனுக்கோ அந்த மானியத்தில் ஒரு காசும் வருவதில்லை. கிணறு வற்றியவன் கடன் வாங்கித் துளைபோடுகிறான். ஒருகாலத்தில் உத்திரமேரூரில் வட்டிப்பணம் ஏரி வண்டலை அள்ளியது; இப்போது அவன் கட்டும் வட்டி, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற தண்ணீருக்காகப் போகிறது.