தற்காதல் பெற்றோரிடம் வளர்ந்தோரின் மீட்சி

தன் பெருமை ஒன்றே பெரிதென்று வாழும் தாயிடமோ தந்தையிடமோ வளர்ந்த பிள்ளை, பெரியவரான பின் தன் விருப்பத்தையும் கோபத்தையும் முடிவெடுக்கும் துணிவையும் மீட்டுக்கொள்வதை இத்தலைப்பு குறிக்கும். தற்காதலைத் தன்மோகம் என்றும் சொல்வதுண்டு. இந்த மீட்சிக்குப் பெற்றோரின் நோய் உறுதிப்பட வேண்டியதில்லை; பிள்ளை பட்ட பாடே போதும்.

தற்காதல் ஆளுமைக் கோளாறு என்ற பெயர் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980இல் இடம்பெற்றது. இன்றைய பதிப்பு ஒன்பது அறிகுறிகளைச் சொல்லி, குறைந்தது ஐந்து இருக்க வேண்டும் என்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலோ அந்தத் தனிப்பெயரையே கைவிட்டு, ஆளுமைக் கோளாறின் தீவிரத்தை முதன்மையாக அளக்கிறது. வல்லுநர்களுக்கே இவ்வளவு இழுபறி. ரீல்ஸ் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் பட்டம் கட்டுவதில் பயனில்லை.

இத்தகைய வீட்டில் பிள்ளை ஒரு காட்சிப் பொருள். வாங்கிய கோப்பை கூடத்து அலமாரியில் இருக்கும். விருந்தாளி வந்தால் ரேங்க் கார்டு வெளியே வரும். மதிப்பெண் குறைந்தால், “என் மானத்தை வாங்கிட்டியே” என்பதுதான் முதல் பேச்சு. பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. எதிர்த்துப் பேசினால் வாரக்கணக்கில் மௌனம், அல்லது “நான் செத்தாத்தான் உனக்குப் புத்தி வரும்”. ஒரு பிள்ளை செல்லம், இன்னொன்று எல்லாப் பழிக்கும் சுமைதாங்கி. வெளியிலோ அந்தப் பெற்றோர் ஊருக்கு நல்லவர். பிள்ளை சொன்னால் நம்ப ஆளிருக்காது.

இந்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. இருவரில் ஒருவர் மனரீதியான கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார். அந்த நிகழ்வுகளில் 83 விழுக்காட்டில் அதைச் செய்தவர்கள் பெற்றோர். எல்லாரும் தற்காதல் பெற்றோர் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் அடி விழாத வீட்டிலும் காயம் உண்டு என்பதற்கு அரசின் ஏட்டிலேயே சான்று இருக்கிறது.

வளர்ந்த பின் தெரியும் தடங்கள் பல. அடுத்தவர் முகம் சற்று மாறினாலும் நெஞ்சு படபடக்கும். ஓட்டலில் என்ன வேண்டும் என்று கேட்டால்கூட, “உங்களுக்கு எதுவோ அதுவே” என்று சொல்ல வரும். ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் 1960இல் இதைப் பொய்ச் சுயம் என்றார்: தாயின் தேவைக்கேற்பப் பிள்ளை பூணும் வேடம் பிற்பாடு உடலோடு ஒட்டிக்கொள்கிறது. உளப்பகுப்பாய்வாளர் ஆலிஸ் மில்லர் 1979இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூல் இதை உலகறியச் செய்தது. அவருடைய மகன் மார்ட்டின் மில்லரே 2013இல் ஒரு நூல் எழுதி, தந்தை தன்னை அடித்ததையும் தாய் தடுக்காததையும் பதிவு செய்தார். அறிவு ஓரிடம், வீடு ஓரிடம்.

அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் மீட்சியை மூன்று படிகளாகச் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கம் காத்தல், பிறகு மற்றவரோடு மீண்டும் இணைதல். நடுப்படிதான் கடினம். உயிரோடிருக்கும் அம்மாவை எண்ணி, கிடைக்காமலே போன அம்மாவுக்காக அழ வேண்டியிருக்கிறது.

மேனாட்டு நூல்கள் பல, உறவை முறித்துக்கொள் என்று எளிதாகச் சொல்லிவிடும். மேனாம்பேடு போன்ற சென்னை அம்பத்தூர்ப் பகுதிகளில் அது எப்படி நடக்கும்? அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சம்பளத்தில் அப்பா வாங்கிய மனையில் கீழே அவர், மாடியில் மகன் குடும்பம் என்று ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். படிக்கட்டு ஒன்று, மோட்டார் சுவிட்ச் கீழ் வீட்டில். மாடியில் தண்ணீர் வராத காலைகளுக்கும் முந்தைய இரவின் வாக்குவாதத்துக்கும் தொடர்பு இருக்கும். இங்கே மீட்சி சிறு வேலைகளில்தான் தொடங்கும்: தனி மோட்டார் போடுவது, சம்பளத்தொகையைச் சொல்லாமலிருப்பது, “யோசிச்சுச் சொல்றேன்” என்று பழகுவது. அந்த ஒரு வாக்கியத்துக்கே சிலருக்கு ஆறு மாதம் பிடிக்கும்.

குற்றவுணர்வு பெரிய தடை. கொன்றைவேந்தன் தொடக்கத்திலேயே பெற்றோரைத் தெய்வமாக்கிய மொழி இது. சட்டத்தின் எதிர்பார்ப்பு அவ்வளவு பெரிதல்ல. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பராமரிப்பு என்று சொல்வது உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றை. கீழ்ப்படிதல் அந்தப் பட்டியலில் இல்லை.

சிகிச்சையிலும் ஒரு சிக்கல். உறவினரை நோயாளியுடனேயே தங்கவைத்தது இந்திய உளமருத்துவத்தின் பெருமை. 1950களில் அமிர்தசரசில் உளமருத்துவர் வித்யா சாகர் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்கவைத்தார், வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் அவ்வழியே வளர்ந்தது. பலருக்கு இது வரம். ஆனால் கூட வந்திருக்கும் தந்தையே நோவின் காரணமாக இருந்தால், அவர் எதிரில் மகள் என்ன பேசுவாள்? முதல் சில சந்திப்புகளுக்கேனும் தனியாக உட்கார வைப்பதே சரி.

அம்பத்தூர்வாசிகளுக்கு எட்டும் தொலைவில் 1794இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளர் பிரிவும், உளமருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பும் இருக்கின்றன. வெளியே போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்திகளை மறைவாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கும் உரிமையையும் தருகிறது. அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை, தோழியாகவும் இருக்கலாம். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.