கோபித்துக்கொண்டு நின்ற காளை

பாலி மொழியில் இருக்கிற புத்த ஜாதகக் கதைகள் மொத்தம் 547. புத்தர் முற்பிறவிகளில் மானாக, யானையாக, குரங்காக வாழ்ந்த கதைகள் அதில் நிறைய வரும். மாடு வளர்க்கிறவன் என்பதால் எனக்குப் பிடிச்சது 28-ஆவது கதை.

இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிற தட்சசீலத்தில் ஒரு பிராமணர். கன்றுக்குட்டி ஒன்றைக் கஞ்சியும் சோறும் கொடுத்துப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார். பேர் நந்திவிசாலன். வளர்ந்த காளைக்கு, பாடுபட்டு வளர்த்தவருக்கு ஏதாவது திருப்பிச் செய்யணும்னு எண்ணம். நூறு பார வண்டியை ஒத்தையா இழுக்கிறேன், ஊர்ப் பணக்காரரிடம் ஆயிரம் காசு பந்தயம் கட்டுங்கன்னு அதுவே சொல்லுது.

மணலும் சரளையும் கல்லும் ஏற்றின நூறு வண்டியை வரிசையாகப் பிணைச்சு, முன்வண்டியில் காளையைப் பூட்டியாச்சு. பிராமணர் தார்க்குச்சியை ஓங்கி, ஏமாத்துக்கார மாடேன்னு அதட்டினார். காளை நாலு காலையும் தூண் மாதிரி ஊன்றி நின்றுவிட்டது. ஆயிரம் காசு போச்சு.

வீட்டில் துக்கத்தோடு படுத்திருந்தவரிடம் காளை கேட்குது: உங்க வீட்டில் ஒரு பானையாவது உடைச்சிருக்கேனா? யார் மேலயாவது மோதியிருக்கேனா? அப்புறம் ஏன் என்னை அப்படிச் சொன்னீங்க? இந்தத் தடவை இரண்டாயிரம் கட்டுங்க, ஆனா திட்டாதீங்க. அவர் முதுகைத் தடவி நல்ல வார்த்தை சொன்னார். முதல் வண்டி நின்ன இடத்துக்கு நூறாவது வண்டி வந்து நின்றது.

தீனிக்கு உழைப்பு என்பதுதான் மனுஷனுக்கும் மாட்டுக்கும் இருக்கிற கணக்குன்னு நினைக்கிறோம். அதில் மரியாதையும் சேர்த்திங்கறது இந்தக் கதை. ஏர் ஓட்டினவங்களுக்கு இது புதுசில்லை. அடிச்சா நுகத்தோட படுத்துக்கிற மாடு, தட்டிக்கொடுத்தா எழுந்து நடக்கும். பிக்குகள் ஒருவரை ஒருவர் இழிவாகப் பேசக்கூடாது என்ற விதியைச் சொல்லுமிடத்தில், விநய பிடகமும் இந்தக் காளையைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுது.

நம்ம மணிமேகலையில் இதே கடன் வேறு மாதிரி வருது. தாய் விட்டுப்போன பச்சைக்குழந்தைக்கு ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காப்பாத்துது. அந்த ஆபுத்திரன் வளர்ந்த பிறகு, வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை ராத்திரியோடு ராத்திரியா அவிழ்த்து ஓட்டிப்போறான். அதுக்காக அடியும் வாங்கி ஊரையும் இழக்கிறான்.

இப்போ உழவுக்கு டிராக்டர் வந்தாச்சு. கிடாரி பிறந்தா வீட்டில் சிரிப்பு. காளைக்கன்னு பிறந்தா எப்போ சந்தைக்கு ஓட்டலாம்னுதான் பேச்சு. நான் என்ன தப்பு செஞ்சேன்னு நந்திவிசாலன் கேட்ட கேள்வியை அந்தக் கன்னு கேட்டா, நம்மகிட்ட பதில் இல்லை.