டன்குவாவும் தடுப்புக் காவற் சட்டமும்

புதிதாக விடுதலை பெற்ற ஆபிரிக்க நாடுகளின் வரலாற்றை எழுதுவோர் ஆட்சிபீடம் ஏறிய தலைவர்களையே பெரும்பாலும் முன்னிறுத்துவர். ஆயினும் தோற்றவர் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை நோக்குமிடத்தே அந்நாடுகள் பெற்ற சுதந்திரத்தின் தன்மை தெளிவாகும். கானாவின் ஜே. பி. டன்குவாவின் அரசியல் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

1895 இல் பிறந்த டன்குவா இலண்டனிற் சட்டமும் மெய்யியலும் பயின்றவர். வழக்கறிஞராகவும் பத்திரிகையாசிரியராகவும் புகழ் பெற்றவர். 1947 ஓகஸ்ற்றில் ஐக்கிய கோல்ட்கோஸ்ற் சமவாயத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். அச்சமவாயத்தின் செயலாளராக இலண்டனிலிருந்து அழைக்கப்பட்டவரே குவாமே நிக்ருமா. 1948 கலவரத்தையடுத்துப் பிரித்தானியர் இவ்விருவரையும் வேறு நால்வரையும் தடுத்துவைத்தனர். மறுவருடமே நிக்ருமா பிரிந்து மக்கள் சமவாயக் கட்சியை அமைத்தார்.

டன்குவாவின் செல்வாக்குக் கற்றோர், வணிகர், மரபுவழித் தலைவர் என்போரைத் தாண்டி அதிகம் பரவவில்லை. நிக்ருமாவோ தொழிலாளரையும் இளைஞரையும் திரட்டினார். 1954, 1956 ஆகிய ஆண்டுகளின் தேர்தல்களில் டன்குவா தோல்வியுற்றார். 1960 சனாதிபதித் தேர்தலில் நிக்ருமாவுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் கிடைக்க, டன்குவாவுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 125,000 மாத்திரமே.

நாடு 1957 மார்ச் 6 இல் விடுதலையடைந்தது. அடுத்த ஆண்டே நிறைவேறிய தடுப்புக் காவற் சட்டம், எவரையும் விசாரணையின்றி ஐந்தாண்டுகள் வரை அடைத்துவைக்க அரசுக்கு அதிகாரமளித்தது. இச்சட்டத்தின்கீழ்த் தடுக்கப்பட்ட அக்கோட்டோ முதலானோருக்காக டன்குவா உயர் நீதிமன்றில் வாதாடினார். 1961 இல் வழங்கப்பட்ட தீர்ப்பு அவருக்குப் பாதகமாயிற்று. பதவியேற்கும்போது சனாதிபதி செய்யும் பிரகடனம் அறக்கடப்பாடு மட்டுமே. அதிலிருந்து அவர் வழுவின் மக்களுக்குரிய பரிகாரம் வாக்குப்பெட்டியேயன்றி நீதிமன்றம் அன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். 1964 சனவரியில் நடந்த மக்கள் தீர்ப்பின் வாயிலாகக் கானா ஒரு கட்சி நாடாக்கப்பட்டபோது அப்பரிகாரமும் அற்றுப்போயிற்று.

அரசின் அச்சம் முற்றிலும் காரணமற்றதன்று. அசாந்திப் பிரதேசத்தில் விடுதலைக்கு முன்னரே அரசியல் வன்செயல்கள் நிகழ்ந்தன. 1962 இலும் 1964 இலும் நிக்ருமாவைக் கொல்ல முயற்சிகள் நடந்தன. ஆனால் ஐயத்துக்குரியவரை நீதிமன்றின்முன் நிறுத்தும் கடமையை அச்சம் நீக்கிவிடாது. டன்குவா 1961 ஒக்ரோபரிற் கைதாகி மறுவருடம் விடுவிக்கப்பட்டார். 1964 சனவரியில் மீண்டும் கைதானார். எவ்வித விசாரணையுமின்றி 1965 பெப்ரவரி 4 இல் இன்சாவம் சிறையில் உயிர்நீத்தார். அவரைச் சிறையிட்டது அந்நியராட்சி அன்று. அவர் வரவேற்றழைத்த தோழரின் ஆட்சியே.

1966 இல் நிக்ருமாவை வீழ்த்திய இராணுவம் பழைய கைதிகளை விடுவித்தது; ஆயின், நிக்ருமாவின் ஆதரவாளரைப் 'பாதுகாப்புக் காவல்' என்ற பெயரில் தானே அடைத்துவைத்தது. கை மாறிற்று, முறை மாறவில்லை. அடிப்படை உரிமைகளை நீதிமன்றின்வழி நிலைநாட்டவும் ஒரு கட்சி ஆட்சியைத் தடைசெய்யவும் 1992 அரசியலமைப்பு ஏற்பாடு செய்தது. டன்குவா நீதிமன்றிற் கேட்டுப் பெறாத பாதுகாப்பு, அவர் மறைந்த பின்னரே எழுத்துருப் பெற்றது. பெரும்பான்மையின் ஆதரவு ஆட்சிக்கு உரிமை தரும். தோற்றவனின் உரிமையைப் பறிக்கும் உரிமையை அது தருவதில்லை.