ஆட்சி எல்லைகளின் மாற்றமும் ஸ்ரீவில்லிபுத்தூர் – இராசபாளையம் வரலாறும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஏறத்தாழ 12 கி.மீ. இடைவெளியில் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அமைந்துள்ளன. முன்னது, பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த தலமென வைணவ மரபு போற்றுவது; பதினொரு நிலைக் கோபுரத்தாலும் திருமலை நாயக்கர் அரண்மனையாலும் அறியப்படுவது. பின்னது நூற்பாலைகளால் வளர்ந்தது. அங்கு 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராசபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இராசபாளையத்தின் மக்கள்தொகை 1,30,442. ஸ்ரீவில்லிபுத்தூரின் மக்கள்தொகை 75,396. எனினும் ஆலை நகரம் நெடுங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்திற்குள்ளேயே அடங்கியிருந்தது.

இவ்விரு நகரங்களின் ஆட்சி வரலாற்றில் முதன்மையான திருப்பம் 1910ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதுவரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, புதிதாக அமைக்கப்பட்ட இராமநாதபுரம் மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகமோ மாவட்ட எல்லைக்கு வெளியே, மதுரையில் இயங்கியது. ஆகவே பெயரளவில் இராமநாதபுரத்தையும் நடைமுறையில் மதுரையையும் இவ்வூரார் சார்ந்திருந்தனர். 1985-இல் இராமநாதபுரம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி காமராசர் மாவட்டமாயிற்று; 1997-இல் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாறியது. ஆட்சியர் அலுவலகம் வணிக நகரமான விருதுநகரில் அமைய, மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது.

இத்தகைய பகிர்வு பிறநாட்டிலும் காணப்படுவதே. சீனத்தின் யாங்சி, ஹான் ஆறுகள் கூடுமிடத்தில் ஊச்சாங் ஆட்சித் தலைநகராகவும், ஹான்கோ 1861-இல் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்ட துறைமுகமாகவும், ஹான்யாங் இரும்பாலை நகராகவும் விளங்கின. ஆனால் அம்மூன்றும் 1927-இல் ஊகான் என ஒரே நகராட்சியின்கீழ்க் கொணரப்பட்டன. கோயில் நகருக்கும் ஆலை நகருக்கும் அத்தகைய இணைப்பு நேரவில்லை. இரண்டும் தனித்தனி நகராட்சிகளாகவே நீடிக்கின்றன.

அரசியல் எல்லைகள் வேறொரு போக்கில் சென்றன. இராசபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண அரசின் தலைமைப் பொறுப்பு வகித்தார். அவர் 1952 தேர்தலில் தோல்வியுற்றது ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியில் என்பது கருதத்தக்கது. அதே தேர்தலில் காமராசர் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் வென்றார். அப்பெயரில் ஒரு மக்களவைத் தொகுதி இன்று இல்லை. இரு நகரங்களும் வருவாய்த் துறையில் விருதுநகருக்கும், மக்களவைக்குத் தென்காசித் தொகுதிக்கும் உரியவை. 1910-இல் பிரிந்த திருநெல்வேலித் திசையோடு வாக்குச்சீட்டு வழியே மீண்டும் உறவு ஏற்பட்டது எனலாம்.

இம்மாற்றங்கள் ஆவணத் தேடலையும் நேரடியாகப் பாதிக்கின்றன. ஏ.ஜே. ஸ்டூவர்ட் 1879-இல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்டக் கையேட்டின் காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மாவட்டத்தில் இருந்தது. எச்.ஆர். பேட் தொகுத்த திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடி 1917-இல் வெளிவந்தபோது அவ்வூர் எல்லைக்கு வெளியே போய்விட்டது. இராமநாதபுரம் மாவட்டத்துக்கு அ. இராமசாமி தொகுத்த விவரச்சுவடி 1972-இல் வெளிவந்தது. ஆலைகள் எழுந்ததும், இராசபாளையம் தன் தாய் வட்டத்தின் தலைநகரை விஞ்சி வளர்ந்ததும் பெரும்பாலும் இவ்விரு சுவடிகளுக்கும் இடைப்பட்ட காலத்திலேயாம். விருதுநகர் என்னும் பெயரை மட்டும் கொண்டு தேடும் ஆய்வாளருக்கு இம்மூன்று நூல்களில் ஒன்றும் அகப்படாது.